ஜோடியாக லடாக் போகும் பைக்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சேலத்தைத் தொட்டுக்கொண்டு போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் அது ஸ்ரீநகர் வரை கொண்டுபோய் விடும். ஆனால் அந்தச் சாலையில் ஜம்மு வரும்வரை பெரும்பாலும் சமவெளி. சமவெளி பைக்கின் குறைகளை மறைத்துவிடும். இரண்டு பேர், மூட்டை முடிச்சு என்று முழுப் பாரத்தோடு ஏற்றம் ஏறி இறங்கும்போதுதான் குறை தலைகாட்டும். அது லடாக்கில் தலைகாட்டுவதற்கு முன் ஏற்காட்டில் தலைகாட்டட்டும்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மணாலி–லே சாலையில் கட்டா லூப்ஸ் என்ற இடத்தில் 21 வளைவுகள். எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், அங்கே காற்று மட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேல். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே, எடுத்துப்போகும் அத்தனை பையையும் கட்டி, அதே ஜாக்கெட், ஹெல்மெட், ஷூவோடு இருவரும் உட்கார்ந்து மூன்று முறை ஏறி இறங்குங்கள். ஒருமுறை குப்பனூர் வழியாக இறங்குங்கள். பையில்லாமல் ஒருவர் மட்டும் ஓட்டிப் பார்ப்பது சோதனையே ஆகாது.

இதைப் பின்னால் உட்காருபவரும் படிக்க வேண்டும். ஓட்டுபவரின் கண்ணும் காதும் வளைவில் இருக்கும். பின்சக்கர ஆட்டம், கருகல் வாடை, செயின் சத்தம், பை சரிவது எல்லாம் பின்சீட்டுக்குத்தான் முதலில் தெரியும். "என்னமோ மாதிரி இருக்கு, நிறுத்துங்க" என்று அங்கிருந்து சொன்னால் உடனே ஓரங்கட்டிப் பாருங்கள்.

கீழே உள்ளவை 350 முதல் 450 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு. கார்புரேட்டர், எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு அறிகுறியிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் வரும்.

## ஏற்றத்தில் இழுக்கவில்லை

ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது எஞ்சின் சத்தம் ஏறுகிறதா, இல்லையா? முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. உறுதிசெய்ய, சமதளத்தில் மூன்றாவது கியரில் 40 கி.மீ வேகத்தில் போய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முழுக்கத் திருகுங்கள். வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் கத்தினால் ஸ்லிப்தான். கிளட்ச் லிவரின் நுனியில் 2–3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வே இல்லையென்றால் கேபிளை அட்ஜஸ்ட் செய்தாலே போதும். டேங்க் பை கட்டியதில் கேபிள் மடங்கியோ இழுபட்டோ இருக்கலாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அடுத்தது ஆயில். கார் ஆயிலை ஊற்றியிருந்தால் கிளட்ச் பிளேட் பிடிக்காது. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ 2' என்று இருக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தும் வழுக்கினால், 20 நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள். ஆறியதும் பிடித்தால் வளைவுக்கு வளைவு ஹாஃப் கிளட்சில் ஏறியதன் சூடு. முதல் கியருக்கு வந்து லிவரை முழுக்க விட்டு ஏறும் பழக்கம் வந்துவிட்டால் அது திரும்ப வராது. ஆறிய பிறகும் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது. கிளம்பும் முன் சேலத்திலேயே செட்டாக மாற்றிவிடுங்கள், ஸ்பிரிங்கையும் சேர்த்து. பாதி தேய்ந்த பிளேட்டோடு "போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்பது இந்தப் பயணத்துக்குச் சரிப்படாது.

சத்தமும் ஏறவில்லை, வண்டி மூச்சுமுட்டுகிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தடையில்லாமல் ஒரு சுற்றாவது வர வேண்டும். உடனே நின்றால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் இறுக்கம். டிஸ்க்கைக் கையால் தொடாதீர்கள், கை கொஞ்சம் தள்ளி வைத்தாலே அனல் தெரியும். அடுத்து டயர் காற்று. அடுத்து ஏர் ஃபில்டர். மணாலி–லே சாலையில் வரும் மோரே சமவெளியில் முன்னால் ஒரு லாரி போனால் போதும், ஃபில்டர் ஒரே நாளில் அடைத்துவிடும். தட்டிப் போடலாம். மாற்று ஃபில்டர் ஒன்று பையில் இருக்கட்டும். இழுவை வரட்டும் என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டாம். உள்ளே போகும் மணல் பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும், செலவு எஞ்சின் வேலையில் போய் நிற்கும்.

3,500 மீட்டருக்கு மேல் மட்டும் இழுக்கவில்லை. பெரும்பாலும் இது பிழையே இல்லை. 5,300 மீட்டர் உயரக் கணவாய்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். எஞ்சின் சக்தியும் அதே அளவுக்கு விழும். எஃப்ஐ வண்டி பெட்ரோல் அளவைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் செய்ய வேண்டியது ஒரு கியர் குறைத்து ஓட்டுவது மட்டுமே.

கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகிவிடும். கரும்புகை வரும், பிளக் நுனியில் கரிப்பொடி படியும், திணறித் திணறி ஓடும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியில் கிளிப் மாட்டும் பள்ளங்கள் இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள். ஊசி கீழே இறங்கி பெட்ரோல் குறையும். கீழே வந்ததும் பழைய பள்ளத்துக்கே மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் சமவெளி வெயிலில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் அதிகமாகச் சூடாகும். உங்கள் ஊசியில் பள்ளம் இல்லையென்றால் ஐட்லிங் மட்டும் சற்று ஏற்றி, மற்றதைத் தொடாமல் விடுங்கள்.

ஒன்று முக்கியம். ஏற்காட்டில் வண்டி திணறினால் பின்னால் இருப்பவரை இறங்கி நடக்கச் சொல்லலாம். 4,500 மீட்டரில் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே ஏற்றத்தில் நூறு மீட்டர் நடப்பதே உடம்புக்குப் பெரிய சுமை. அதற்குப் பதிலாக மூட்டையை ஒரு லாரியிலோ டாக்ஸியிலோ அடுத்த ஊர் வரை ஏற்றிவிடக் கேளுங்கள்.

## ஓடிக்கொண்டே இருந்து அணைந்துவிடுகிறது

டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிறது, பிறகு ஸ்டார்ட் ஆகிறது. மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று வராவிட்டால் கால் மணி, அரை மணியில் எஞ்சின் நிற்கும். துளையை மெல்லிய கம்பியால் குத்தி ஊதிவிடுங்கள். டேங்க் பை, மழை உறை எதுவும் மூடியை இறுக்கி மூடாமல் கட்டுங்கள். செலவில்லாத இந்தக் குறையைத் தெரியாமல் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுபவர்கள் நிறைய.

கியர் போட்டதும் அணைகிறது. சைடு ஸ்டாண்டு ஸ்விட்சில் சேறு. தண்ணீர் விட்டுக் கழுவி, ஸ்டாண்டை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். அதோடு ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்சையும் பார்த்துவிடுங்கள். பின்னால் இருப்பவர் ஏறும்போதும் கையுறை மாட்டும்போதும் அது தட்டிவிடப்படும்.

திக்கித் திக்கி அணைகிறது. கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால் தண்ணீர் அல்லது தூசி. கார்புரேட்டர் வண்டியில் கீழ்க் கிண்ணத்தின் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு சிறு பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் குமிழாக நிற்கும். எஃப்ஐ வண்டியில் சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி பம்ப் 'ஜ்ஜ்' என்று ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ஃப்யூஸைப் பாருங்கள். அடுத்தது ரிலே. இரண்டும் சரியென்றால் பம்ப்தான், ரோட்டோரத்தில் ஆகாது.

சூடானால் மட்டும் ஸ்பார்க் இல்லை, அரை மணி ஆறினால் வருகிறது. பிளக் கேப்பையும் வயரையும் அழுத்தி மாட்டுங்கள், பிளக்கை மாற்றுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் காயில் அல்லது பிக்கப் காயில். ஏற்காட்டில் ஒருமுறை இது தெரிந்தாலே மெக்கானிக்கிடம் காட்டி மாற்றாமல் கிளம்பாதீர்கள். குளிர்ந்ததும் ஓடிவிடுவதால் "சரியாயிடுச்சு" என்று ஏமாற்றும் குறை இது.

## காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃப் அடித்தால் 'டக்' என்று மட்டும் கேட்கிறது. பேட்டரி டெர்மினல் போல்ட்டை முதலில் இறுக்குங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் அது தளரும். சிறிய மல்டிமீட்டர் ஒன்று வைத்திருந்தால் வேலை சுலபம்: வண்டி நின்ற நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். எஞ்சினை 4,000 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவில்லையென்றால் சார்ஜிங் கோளாறு, பேட்டரியை மாற்றினாலும் இரண்டே நாளில் அதுவும் இறங்கும். பூஜ்யம் டிகிரிக் குளிரில் நல்ல பேட்டரியே ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். சேலம் வெயிலில் மூன்று வருடம் உழைத்த பேட்டரி அந்தக் குளிரைத் தாங்காது. இருவர் போன், கூடுதல் லைட், ஹேண்டில் ஹீட்டர் எல்லாம் ஒரே சமயத்தில் மாட்டாதீர்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கார்புரேட்டர் என்றால் சோக்கை முழுக்க இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் அடியுங்கள். எஃப்ஐ என்றால் பம்ப் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து அடியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நொடி, இடையில் அரை நிமிடம் ஓய்வு. பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால் பிளக் நனைந்துவிட்டது, கழற்றித் துடைத்து மாட்டுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதானால் இறக்கத்தில், இரண்டாவது கியரில். தள்ளுவது அங்கே ஒருவரால் ஆகிற வேலையில்லை, இருவரும் மூச்சு வாங்கி நிற்பதைவிடத் தங்கிய இடத்தில் உதவி கேளுங்கள். முந்தின நாள் இரவே காலை வெயில் விழும் பக்கமாக, கொஞ்சம் சரிவில் வண்டியை நிறுத்துவது நல்லது.

ரயிலில் அனுப்பிய வண்டி. சேலம் ஜங்ஷனில் பார்சல் போடும்போது பெட்ரோலை முழுக்க வடித்துவிடுவார்கள். டெல்லியிலோ சண்டிகரிலோ எடுத்ததும் மூன்று லிட்டராவது ஊற்றி, எஃப்ஐ என்றால் சாவியை நாலைந்து முறை போட்டு எடுத்து, பம்ப் வழியெல்லாம் பெட்ரோல் நிரம்பிய பிறகு செல்ஃப் அடியுங்கள். கில் ஸ்விட்ச், கண்ணாடி, கிளட்ச் லிவர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.

## இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

இது மற்ற எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டிய இடம். பைக் சுமார் 200 கிலோ, இருவர் 130, மூட்டை 30. மொத்தம் 360 கிலோவை இரண்டு டிஸ்க் நிறுத்த வேண்டும். ஒருவர் ஓட்டும்போது பழுதே தெரியாத பிரேக் இந்தப் பாரத்தில் பத்தாவது வளைவுக்குள் கைவிடும்.

சோதனை இப்படி: ஏற்காடு மேலே வண்டி ஆறியிருக்கும்போது லிவரை அழுத்தி, ஹேண்டில் பிடியிலிருந்து எத்தனை விரல் இடைவெளி என்று பாருங்கள். இரண்டாவது கியரில், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். அடிவாரத்தில் நின்றதும் மறுபடி அழுத்துங்கள். இடைவெளி ஒரு விரல் குறைந்திருந்தால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். இதையும் தாண்டிக் கடுமையாகச் சோதிக்க வேண்டுமென்றால் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகள்.

லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, ஆறினால் சரியாகிறது. பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். ஆயில் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்கு மாறியிருந்தாலோ இரண்டு வருடம் ஆகியிருந்தாலோ முழுக்க மாற்றி, குமிழ் எடுக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் வண்டியில் இதை ரோட்டோரத்தில் செய்யாதீர்கள்.

லிவர் கல் மாதிரி இறுகியிருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை. ஆயிலில் குறையில்லை, பிரேக் பேட் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது. கழற்றி, எமரி பேப்பரில் மேற்பரப்பைத் தேய்த்துப் போடலாம். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் ஒரு ஜோடி பேட் பையில் இருக்க வேண்டும். கைக்கடக்கமான பொருள், மலையில் தேடினால் உங்கள் வண்டிக்கானது கிடைக்காது.

குளிர்ந்தே இருக்கிறது, ஆனாலும் பஞ்சு மாதிரி. ஆயில் ஒழுகுகிறது அல்லது உள்ளே காற்று. காலிப்பர், ஹோஸ் முனை, மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள்.

கருகல் வாடை. பின்னால் இருப்பவர் முதலில் சொல்வார். ஓட்டுபவரின் பூட்ஸ் பின் பிரேக் பெடலில் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கனத்த பூட்ஸ் போட்டு முதல் நாள் ஓட்டும்போது இது அடிக்கடி நடக்கும், பெடல் உயரத்தை இறக்கி அட்ஜஸ்ட் செய்தால் போதும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். அரை மணி தானாக ஆறட்டும்.

டிரம் பிரேக் வண்டி. நட்டை இறுக்கி பெடலில் 20–30 மில்லிமீட்டர் தளர்வு வையுங்கள். பிரேக்கை அழுத்தும்போது கேமில் உள்ள தேய்மானக் குறி எல்லையைத் தாண்டினால் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்துவிட்டது.

ஆயில் ஒழுகல், டிஸ்க்கில் விரிசல், லிவர் கையில் துடிப்பது, ஏபிஎஸ் லைட் அணையாமல் எரிவது. இந்த நான்கில் முதல் இரண்டுக்கு அந்த இடத்திலேயே வண்டியை விட்டுவிட்டு லாரியில் ஏற்ற வேண்டும். மற்ற இரண்டுக்கும் மெதுவாக அடுத்த பெரிய ஊர் வரை போகலாம்.

## பின்பக்கம் ஆடுகிறது

பின்சீட்டில் இருப்பவர் "இடுப்பு இழுக்குது", "வால் ஆடுது" என்று சொல்வார்கள். மெதுவாக வளைவு திரும்பும்போது ஆடினால் பின்பக்கத்தில் தேடுங்கள். 60 கி.மீ-க்கு மேல் நேர்ரோட்டில் ஹேண்டில் நடுங்கினால் முன்பக்கத்திலும் தேடுங்கள்.

பஞ்சர். எப்போதும் முதல் சந்தேகம் இதுதான். ஸ்போக் வீலில் டியூப் இருப்பதால் காற்று சட்டென்று இறங்கிவிடும். முன்னால் 21 அங்குலம், பின்னால் 17 அங்குலம் உள்ள வண்டியில் முன்சக்கர டியூப் ஒன்றை எடுத்துக்கொண்டால் அவசரத்துக்குப் பின்னாலும் மடித்துப் போட்டு ஊர் சேரலாம். சேர்ந்ததும் சரியான டியூபை மாற்ற வேண்டும். கழற்றி மாட்டும் பழக்கம் இல்லையென்றால் வீட்டு வாசலில் ஒருமுறை இருவரும் சேர்ந்து செய்து பாருங்கள். ஒருவர் டயரை மிதிக்க, ஒருவர் டயர் லிவர் போட்டால் வேலை பாதியாகும்.

மூட்டை. ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. கனமானவை அச்சுக்குப் பின்னால், உயரத்தில் இருக்கக்கூடாது. டூல்ஸ், தண்ணீர், டியூப் எல்லாம் இரண்டு பக்கப் பைகளின் அடியில், முடிந்தவரை முன்தள்ளி. மேலே கட்டும் பையில் துணி, தூங்கும் பை மட்டும். இடது, வலது பைகளைச் சமையலறைத் தராசிலாவது நிறுத்துப் பாருங்கள், இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ரப்பர் கயிறு மட்டும் போட்டால் நெளிந்துகொண்டே இருக்கும், பெல்ட் போட்டு இறுக்குங்கள்.

காற்று. பின் டயருக்கு, வண்டி ஸ்டிக்கரில் இருவருக்கு என்று போட்டிருக்கும் அளவை வையுங்கள். உயரத்தில் இது குழப்பும். சேலத்தில் 35 டிகிரியில் 32 பிஎஸ்ஐ பிடித்த டயர், 5,000 மீட்டரில் 5 டிகிரிக் குளிரில் கேஜில் 34-க்குப் பக்கத்தில் காட்டும். குளிர் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று மெலிந்திருப்பது கேஜ் கணக்கைக் கூட்டுகிறது. அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் சமவெளிக்கு வந்ததும் குறைவாக நிற்கும். தினமும் காலையில் வண்டி ஓடும் முன் அளந்தால் போதும், ஒன்றிரண்டு பிஎஸ்ஐக்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஷாக். இருவர் ஏறியதும் அடிவரை அமுங்கினால் ப்ரீலோடை, அதாவது ஷாக் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். இரட்டை ஷாக் என்றால் இரண்டிலும் ஒரே படி. ஆயில் ஒழுகும் ஷாக் மாற்றத்தான் வேண்டும்.

ஸ்போக்ஸ். சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுகியது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டப்' என்னும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கலாம். அதற்கு மேல் என்றாலோ ஒன்று முறிந்திருந்தாலோ வீல் பெண்டு எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஆக்சில், பேரிங், புஷ். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'கடக்' என்றால் முதலில் ஆக்சில் நட், அடுத்து பேரிங். சக்கரம் ஆடாமல் ஸ்விங் ஆர்மே சேர்ந்து ஆடினால் புஷ். முன்பக்கத்துக்கு, முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். கழுத்தில் தட்டினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங். ஹேண்டில் நேராக வரும்போது பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் இறுக்கிப் பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும்.

கேரியர், ஃப்ரேம். வெல்டு இருக்கும் மூலைகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைக் கோடும் அதில் துருவும் தெரிந்தால் விரிசல். கேரியரை எந்த லாரிப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். அதற்கு முன் பேட்டரி இரண்டு வயரையும் எஃப்ஐ வண்டியில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் கழற்றியாக வேண்டும். ஃப்ரேமில் விரிசல் என்றால் பயணம் அங்கேயே நிற்கட்டும். கேரியர் போல்ட்டுகளுக்குக் கிளம்பும் முன்பே திரெட் லாக்கர் (மரையைத் தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, தலையிலிருந்து ஃப்ரேம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று டீ குடிக்க நிற்கும்போதே தெரிந்துவிடும்.

## செயின் சத்தம்

கரகரவென்றால் காய்ந்திருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், ஓடை தாண்டிய அன்று மாலையும் செயினுக்கு லூப் (மசகு) அடியுங்கள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்றால் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது இடி இடிப்பதுபோல் உதைத்தால் ஹப் ரப்பர் போய்விட்டது, மலிவான பொருள், மாற்றிவிடுங்கள். ஸ்பிராக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல்லுக்கு மேல் தெரிகிறதென்றால் செட்டாக மாற்ற வேண்டும். தளர்வு ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்து, இருவரும் உட்கார்ந்த பிறகு மூன்றாமவர் ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் விறைக்காமல் கொஞ்சம் ஆட வேண்டும். லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்கட்டும்.

## ஓடையில் நின்றுவிட்டது

ரோட்டைக் குறுக்கே வெட்டும் ஓடையை அங்கே நாலா என்பார்கள். பனி உருகும் தண்ணீர் என்பதால் காலையில் கணுக்கால், மதியம் முழங்கால். பாங்கோங் ஏரி வழியில் உள்ள ஒன்றுக்குப் பைத்தியக்கார ஓடை என்ற பொருளில் பாகல் நாலா என்றே பெயர். காலையிலேயே கடந்துவிடுங்கள். பின்னால் இருப்பவர் இறங்கி, பாதுகாப்பான இடத்தில் நடந்து கடக்கட்டும். முதல் கியர், ஒரே சீரான ஆக்ஸிலேட்டர்.

சைலன்சர் வரை தண்ணீர் இருந்து எஞ்சின் நின்றால் செல்ஃப் அடிக்காதீர்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, பிறகு செல்ஃப் அடித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரைப் பிழிந்து காயவையுங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

## பெட்ரோல் கணக்கைவிட முன்னதாகத் தீர்கிறது

மணாலி–லே வழியில் தாண்டி என்ற ஊரில் உள்ள பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை பிரபலம். 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 25 கி.மீ என்றால் 325-தான். அந்தப் பாதைக்கு ஐந்து லிட்டர் கேன் வேண்டும். கேனை விளிம்புவரை நிரப்பாதீர்கள், உயரத்தில் ஆவி அழுத்தி உப்பும். மூடியை மெதுவாகத் திறங்கள். உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் தெரிய, ஏற்காடு ஏறி இறங்கும் அந்த மூன்று சுற்றுக்கும் டேங்கை நிரப்பி அளந்து பாருங்கள். சமவெளி மைலேஜை நம்பாதீர்கள்.

## இருவரில் ஒருவருக்குத் தலைவலி

பைக்குக்கு வருவதுபோல உடம்புக்கும் வரும். இங்கேயும் முதலில் பிரித்துப் பாருங்கள்.

தலைவலி மட்டும், நன்றாகச் சாப்பிட முடிகிறது. ஹெல்மெட் இறுக்கமா, தண்ணீர் குறைவா என்று பாருங்கள். ஓய்வெடுத்துச் சரியாகும்வரை மேலே ஏறாதீர்கள்.

தலைவலியோடு குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை. உயர நோய். அன்று இரவு மேலே போகக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும்.

உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்குகிறது, பேச்சில் குழப்பம், நேர்கோட்டில் குதிகால்–விரல் வைத்து நடக்க முடியவில்லை. இது உயிருக்கு ஆபத்து. காலைக்குக் காத்திராமல் உடனே கீழே இறங்குங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து இறக்காதீர்கள், கார் பிடியுங்கள்.

பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது. ஓட்டுபவர் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் முடிவு மற்றவருடையதாக இருக்க வேண்டும், இதைச் சேலத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகர் (சுமார் 1,600 மீட்டர்), கார்கில் (சுமார் 2,700), லே (சுமார் 3,500) என்ற வரிசையில் போனால் உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி வழியை இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். லேயில் முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். அசிட்டசோலமைடு மாத்திரையைக் கிளம்பும் முன் உங்கள் டாக்டரைக் கேட்டு மட்டும் எடுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

## இனி ஓட்ட முடியாது என்று தெரிந்தபின்

நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் எல்லைச் சாலை அமைப்பின் முகாம், ராணுவச் சோதனைச் சாவடி இரண்டிலும் தயங்காமல் உதவி கேளுங்கள். ஒருவர் உதவிக்குப் போய் மற்றவர் வண்டியோடு தனியே நிற்பதைத் தவிருங்கள். வண்டியைவிட்டு இருவரும் சேர்ந்தே போங்கள், ஆவணங்கள், மருந்து, தண்ணீர், ஜாக்கெட் மட்டும் கையில் எடுத்துக்கொண்டு. 44-ஆம் எண் சாலையில் ஜம்மு வரை என்றால் நாமக்கல், சங்ககிரி லாரிகள் கண்ணில் படும். டிஎன் 28, டிஎன் 52 என்ற எண்ணைப் பார்த்தால் தமிழில் பேசிப் பாருங்கள்.

லாரியில் ஏற்றும்போது பெட்ரோல் டேப்பை மூடி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்தை லாரியின் முன்சுவரில் முட்டவிடுங்கள். சைடு ஸ்டாண்டை நம்பாதீர்கள். ஹேண்டிலின் இரு பக்கமும் பின் கால்மிதியின் இரு பக்கமும் என நான்கு முனையில், ஃபோர்க் பாதி அமுங்கும் அளவுக்கு பெல்ட் இழுத்துக் கட்டி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். முதல் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தச் சொல்லி பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள், அதற்குள் கட்டாயம் தளர்ந்திருக்கும்.